பேட்டையும் தண்டும்: பெங்களூருவை நடந்து பார்க்கும் வழி

பெங்களூருவின் பழைய பகுதிகளை ஒரு வெளிநாட்டு விருந்தினருக்கு நடத்திக் காட்ட நினைப்பவர், எந்தப் பெங்களூருவைக் காட்டுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இந்த நகரம் இரண்டு ஊர்களாகப் பிறந்து, இரண்டாகவே வளர்ந்து, வெகு தாமதமாக ஒன்றானது. மேற்கே இருப்பது, விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட எலகங்கா நாட்டுத் தலைவர் கெம்பே கவுடர் 1537இல் மண்கோட்டை எழுப்பி அமைத்த பேட்டை. கிழக்கே இருப்பது, ஆங்கிலேயர் 1809இல் படை கொண்டுவந்து நிறுத்திய தண்டு. 1862இல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி ஏற்பட்டது. 1881இல் மைசூர் ஆட்சியை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோதும் தண்டை மட்டும் ஆங்கிலேயர் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1947 ஜூலையில் அது மைசூருக்குத் திரும்பியது. இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியானது 1949இல்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் பெரிய ஓட்டல்கள் பலவும் எம்.ஜி. ரோட்டைச் சுற்றியே, அதாவது தண்டுப் பக்கம், இருக்கின்றன. அதனால் மாதாகோயில் கோபுரங்களும் பங்களாக்களும் மரநிழல் சாலைகளும்தான் பழைய பெங்களூரு என்ற எண்ணம் அவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. அந்த ஊருக்கு வயது 200 சொச்சம். அதைவிடப் பழைய பேட்டை சில கிலோமீட்டர் மேற்கே, முன்பு இருந்த தெரு அமைப்போடு இன்றும் கடை திறந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. காலவரிசைப்படி பேட்டையில் தொடங்கித் தண்டில் முடிவதே நல்ல திட்டம். அப்படி நடந்தால்தான் பின்னால் வந்தது முன்னிருந்ததை எப்படி ஒட்டியும் விலகியும் நின்றது என்பது காலுக்கே தெரியும்.

பெயரைப் பற்றிய கேள்வி நடையின் தொடக்கத்திலேயே வரும். வேட்டைக்கு வந்து வழிதவறிய போசள மன்னன் ஒருவனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் ‘பெந்த காளு ஊரு’ என்று பெயர் வந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. அது கதைதான். நகரின் தெற்கே பேகூரில் நாகேசுவரர் கோயிலில் உள்ள கங்கர் கால நடுகல், கி.பி. 890ஐ ஒட்டியது, ‘பெங்களூரு’ என்ற இடத்தில் நடந்த சண்டையைக் குறிப்பிடுகிறது. போசளர் தலையெடுப்பதற்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது. கொடிகேஹள்ளிப் பக்கம் இருந்த பழைய பெங்களூருவின் பெயரைக் கெம்பே கவுடர் தம் புதிய ஊருக்கு இட்டார் என்பது வழக்கு.

பேட்டையின் நடு இடம், அவென்யூ ரோடு என்று இப்போது அழைக்கப்படும் தொட்டபேட்டையும் சிக்பேட்டையும் சந்திக்கும் நாற்சந்தி. தொட்டது என்றால் பெரியது, சிக்கது என்றால் சிறியது. கெம்பே கவுடர் இந்த இடத்தில் நான்கு ஏர் பூட்டி நான்கு திசைக்கும் உழச் செய்தார், உழவுசால்கள் தெருக்களாயின, எருதுகள் நின்ற இடங்களில் வாயில்கள் எழுந்தன என்று மரபு சொல்கிறது. கிழக்கே ஹலசூரு, வடக்கே எலகங்கா, தெற்கே ஆனேக்கல் என்று வாயில்கள் அந்தந்த வழி போய்ச் சேரும் ஊர்களின் பெயரைப் பெற்றிருந்தன. வாயிலும் மதிலும் அகழியும் போய் நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அருகே உள்ள காவல் நிலையத்துக்கு இன்றும் ஹலசூரு கேட் என்றே பெயர். விருந்தினரை அங்கே கூட்டிவந்து நடையைத் தொடங்குவது பொருத்தம். நானூறு ஆண்டு முன்பும் கிழக்கிலிருந்து வந்தவர்கள் நுழைந்த வழி அதுதான்.

பேட்டையைப் படிக்கத் தெருப்பெயர்களே போதும். அக்கிப்பேட்டை அரிசிக்கு, ராகிப்பேட்டை கேழ்வரகுக்கு, அரளெபேட்டை பஞ்சுக்கு, பளெபேட்டை வளையலுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு, கானிகரபேட்டை செக்காட்டுவோருக்கு, உப்பாரபேட்டை உப்புத் தொழிலுக்கு, நகர்த்தபேட்டை நகர்த்தர் என்னும் வணிகருக்கு. தானிய மொத்த வணிகம் நடக்கும் தரகுபேட்டையின் பெயரைத் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. வளை என்பது கன்னடத்தில் பளெ ஆகிறது. தமிழின் முதல் வகரம் அங்கே பகரமாவது வழக்கம். அதேபோல் பழைய பகரம் ஹகரமாகியிருக்கிறது: பால் ஹாலு ஆனதுபோல, பலாவுக்கு உறவான சொல் ஹலசு ஆனது. ஹலசூரு என்றால் பலாவூர். இந்த ஒலி மாற்றங்களைச் சொல்லிக்கொண்டே நடந்தால், இந்த மண்ணின் இரண்டு மொழிகள் எவ்வளவு நெருங்கியவை என்பது வெளிநாட்டவருக்கும் விளங்கிவிடும்.

பெயருக்கும் சரக்குக்கும் இருந்த உறவு எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. பளெபேட்டையில் இன்று வீணையும் மிருதங்கமும் விற்கும் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. அவென்யூ ரோட்டில் புத்தகக் கடைகள், சிக்பேட்டையில் பட்டுப்புடவை. ஆனால் ஒரு தெருவில் ஒரே சரக்கு, கீழே கடை மேலே வீடு, கடைக்குப் பின்னால் கிடங்கு, முனையில் கோயில் என்ற பழைய முறை மாறாமல் இருக்கிறது. 1800ஆம் ஆண்டு மே மாதம், திப்பு வீழ்ந்த மறு ஆண்டில், பிரான்சிஸ் புக்கானன் இங்கே வந்தார். கம்பெனி அரசு புதிதாகக் கைப்பற்றிய நாட்டின் விளைச்சலையும் தொழிலையும் கணக்கெடுக்க அவரை அனுப்பியிருந்தது. நெசவாளர், சாயமிடுவோர், எண்ணெய் வணிகர் என்று ஒவ்வொரு தொழிலாக அவர் விசாரித்து எழுதிய குறிப்புகள், பேட்டையைப் பற்றி ஒரு வெளிநாட்டவர் விட்டுச்சென்ற மிக விரிவான பதிவு. சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கடற்கரை, மலையாள நாடு எல்லாம் சுற்றிய அவருடைய பயணநூல் 1807இல் அச்சானது. பேட்டையை வெளிநாட்டவருக்குக் காட்டுவோர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் போவது நல்லது. அவர் விசாரித்த தொழில்கள் பலவற்றின் பெயரை இன்றும் தெருப்பலகையில் காணலாம்.

இன்னொரு துணை, ஒரு வரைபடம். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் தலைமையில் வந்த படை பெங்களூருவைப் பிடித்தபோது, உடனிருந்த கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் பேட்டையையும் கோட்டையையும் தாக்குதல் நடந்த இடங்களையும் வரைந்தார். லக்னோவில் லா மார்ட்டினியர் பள்ளிக்குச் சொத்து எழுதிவைத்தவர் அவரேதான். அந்த வரைபடத்தை இன்றைய தெருக்களோடு ஒப்பிட்டால், முதன்மைத் தெருக்கள் பெரும்பாலும் அதே இடத்தில் ஓடுவது தெரியும். அந்தப் படை சென்னைப் பக்கமிருந்து வேலூர் வழியாக வந்து, முகிலிக் கணவாயில் மலையேறியது. மார்ச் 7ஆம் தேதி பேட்டையின் வாயில் தாக்கப்பட்டது; அதில் பீரங்கிப் படைத் தளபதி மூர்ஹவுஸ் இறந்தார். அந்தக் காட்சியை ராபர்ட் ஹோம் ஓவியமாகத் தீட்டினார். பேட்டை விழுந்து இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 இரவு, நிலவொளியில் கோட்டையும் வீழ்ந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மடிந்தார்.

கோட்டைக்குப் போவதற்குமுன் திகளர்பேட்டையில் நிற்க வேண்டும். தமிழருக்கு இந்தப் பேட்டை தனியாக முக்கியம். ‘திகள’ என்பது தமிழரையும் தமிழையும் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய பழைய சொல். கிரந்தத்தை ஒட்டிய எழுத்துக்குத் திகளாரி என்றே பெயர். தோட்டத்தொழிலில் பெயர்பெற்ற திகளர் சமூகத்தார் தம்மை வன்னிகுல சத்திரியர் என்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய கோயில் இங்குள்ள தர்மராயசுவாமி கோயில். சித்திரை மாதப் பௌர்ணமியில் இங்கிருந்து புறப்படுகிறது பெங்களூருவின் கரகம். பெண் வேடமிட்ட பூசாரி, மல்லிகை மூடிய கரகத்தைக் கை படாமல் தலையில் தாங்கி, இரவு முழுதும் பேட்டைத் தெருக்களைச் சுற்றுவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் உடன் வருவார்கள். கரகம் திரௌபதியின் வடிவம். வட ஆர்க்காட்டிலும் தென் ஆர்க்காட்டிலும் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக்கூத்தும் தீமிதியும் பார்த்தவருக்கு இதன் வேர் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர்வலம் அரளெபேட்டையில், இப்போது காட்டன்பேட்டை என்று சொல்லும் இடத்தில், தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய்த் திரும்புகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் இது. கரகச் சடங்குகளில் ஒரு பங்கு சம்பங்கி ஏரிக்கு உரியது. அந்த ஏரியைத் தூர்த்துத்தான் கண்டீரவா விளையாட்டரங்கு கட்டப்பட்டது. சடங்குக்கென்று ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்குமிடத்திலும் தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது. ஆறில்லாத மேட்டு ஊர் இது. ஏரி வெட்டித்தான் ஊர் வைக்க முடிந்தது. அந்த ஏரிகளை இழந்துவிட்டு, காவிரித் தண்ணீரை நெடுந்தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறது இன்றைய நகரம். நடையில் இதைச் சொல்லாமல் விடுவது விருந்தினருக்குச் செய்யும் குறை.

பேட்டையின் நடுக்காலத்தில் தஞ்சாவூருக்கும் பங்கு உண்டு. 1638இல் பீஜப்பூர்ப் படை கெம்பே கவுடர் வழியினரிடமிருந்து ஊரைப் பிடித்தது. உடன் வந்த ஷாஜி போன்ஸ்லேக்கு அது ஜாகீரானது. சிவாஜியின் தந்தை இவர். ஷாஜிக்குப்பின் அவருடைய இன்னொரு மகன் வெங்கோஜி இங்கிருந்து ஆண்டார். 1670களில் தஞ்சையைக் கைப்பற்றி, அங்கே மராட்டிய அரசை நிறுவியவர் அவரே. மல்லேசுவரத்தின் காடு மல்லேசுவரர் கோயிலில் 1669ஆம் ஆண்டு வெங்கோஜி கொடுத்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1687இல் முகலாயர் ஊரைப் பிடித்து, மைசூரின் சிக்க தேவராச உடையாருக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் கைமாற்றினார்கள். பேட்டைக்குத் தெற்கே நீள்வட்டமான தனிக்கோட்டை எழுந்ததும், கோட்டை வெங்கடரமணர் கோயில் அமைந்ததும் அவர் காலத்தில்.

அந்த மண்கோட்டையை ஹைதர் அலி 1761இல் கல்லால் மாற்றிக் கட்டினார். அதில் இன்று எஞ்சியிருப்பது டெல்லி வாயிலும் அதை ஒட்டிய கொத்தளமும்தான். மீதியைச் சாலைகளும் பள்ளியும் விக்டோரியா, வாணி விலாஸ் மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலேயப் படை உடைத்து நுழைந்த இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. சற்றுத் தெற்கே, வெங்கடரமணர் கோயிலின் பக்கத்திலேயே, ஹைதர் தொடங்கித் திப்பு 1791இல் முடித்த அரண்மனை இருக்கிறது; தேக்குத் தூண்களும் வளைவுகளும் கொண்ட மர மாளிகை. மன்னரின் மாளிகையும் பெருமாள் கோயிலும் இப்படி ஒரே சுவரடியில் நிற்பதை நின்று பார்க்க வேண்டும். அதைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டியதில்லை. 1831இல் மைசூர் ஆட்சியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த மாளிகைதான் அரசாங்க அலுவலகமாக இயங்கியது.

கோட்டைக்கும் பேட்டைக்கும் நடுவே கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட். சித்திகட்டெ என்ற நீர்நிலை இருந்த இடம். 1791இல் போர் நடந்த நிலமும் இதுவே. கட்டடம் எழுந்தது 1928இல். மலர் வணிகம் விடியலுக்கு முன்பே உச்சத்தை எட்டி, எட்டு மணிக்குள் அடங்கிவிடும். ஆகையால் பேட்டை நடையைக் காலை ஆறரைக்கு இந்த மார்க்கெட்டில் தொடங்குவோரும் உண்டு. அது ஹலசூரு கேட் வரிசையைக் குலைத்தாலும், சாக்குச் சாக்காகக் கொட்டிய சாமந்தியைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் குறை தெரியாது. பத்து மணிக்குக் கடைகள் திறந்துவிட்டால் தள்ளுவண்டியும் சரக்கு ஆட்டோவும் தெருவை நிறைத்துவிடும். அதற்குமுன் என்றால் மூடிய கதவுகளுக்கு மேலே உள்ள மரத்தூண் மாடிகளையும் சுதை வேலைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். கோயிலுக்கும் தர்காவுக்கும் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். எளிதில் கழற்றும் காலணி போட்டுவரும்படி முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

1905 ஆகஸ்ட் 5 அன்று, சிவனசமுத்திரம் அருவியிலிருந்து வந்த மின்சாரத்தால் பெங்களூருவின் தெருவிளக்குகள் எரிந்தன. அதற்கு ஏழாண்டு முன், 1898இல், பிளேக் நோய் நெருக்கமான பேட்டையைத் தாக்கியிருந்தது. அகன்ற தெருவும் காற்றோட்டமும் உள்ள குடியிருப்பு வேண்டும் என்று பசவனகுடியும் மல்லேசுவரமும் நிரம்பத் தொடங்கியது அந்த அச்சத்தால்தான். இரண்டும் தனித்தனி நடைக்கு உரியவை. பசவனகுடியில் நந்தி கோயில், கார்த்திகைக் கடைசித் திங்களன்று கூடும் கடலைக்காய்ச் சந்தை, 1943 முதல் தோசை வார்க்கும் வித்யார்த்தி பவன் ஆகியவற்றுக்கே அரை நாள் போகும். ஹைதர் 1760இல் தொடங்கிய லால்பாக்கும் அப்படித்தான்.

பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. மார்க்கெட் நிலையத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் விதான சௌதாவில் இறங்கலாம். வெயிலில் நடக்கத்தக்க வழி அல்ல அது. பூங்காவின் ஓரத்தில் சிவப்பு வண்ணக் கட்டடமாக நிற்பது அட்டார கச்சேரி, பதினெட்டு அலுவலகம் என்று பொருள். திப்பு மாளிகையிலிருந்த அலுவலகங்கள் 1868இல் இங்கேதான் குடியேறின. பேட்டையிலிருந்து அதிகாரம் கிளம்பிவந்த வழியையே விருந்தினரும் வந்திருக்கிறார். இப்போது அது உயர்நீதிமன்றம். அதைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் தண்டில் இவர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி பெரிய கல்வி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. பூங்காவை 1870இல் அமைத்தவர் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி. தண்டின் பக்கமிருந்து பூங்காவுக்குள் வரும் இடத்தில் 1906இல் நிறுவிய விக்டோரியா சிலை இருக்கிறது.

எதிரே விதான சௌதா. அது இந்த வடிவில் எழுந்ததற்கு ஒரு வெளிநாட்டவர் சுற்றுலா காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ரஷ்யாவிலிருந்து வந்த கலாசாரக் குழுவுக்கு நகரைச் சுற்றிக் காட்டியபோது, எல்லாக் கட்டடமும் ஐரோப்பிய பாணியில் இருக்கிறதே, உங்களுக்கென்று கட்டடக்கலை இல்லையா என்று அவர்கள் கேட்டார்களாம். அது முதல்வர் கெங்கல் ஹனுமந்தையாவின் மனத்தில் தைத்தது. 1951இலேயே நேரு அடிக்கல் நாட்டியிருந்தார். திராவிடக் கோயில் மரபின் தூணும் கோபுரச் சாயலும் கொண்ட கட்டடம் 1956இல் முடிந்தது. அந்தக் குழுவைப் பேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

பூங்காவைக் கடந்தால் தண்டு. படைக்கு உரிய இந்தச் சொல் தமிழிலும் உண்டு. கோவையின் தண்டுமாரியம்மனைப் போலவே இங்கே சிவாஜி நகரிலும் ஒரு தண்டுமாரியம்மன் இருக்கிறாள். சீரங்கப்பட்டணத்தில் கொசுவும் காய்ச்சலும் தாங்காமல்தான் ஆங்கிலேயர் படையை இந்த மேட்டுக்கு மாற்றினார்கள். பேட்டையில் தெருக்கள் சரக்கின் பெயரைப் பெற்றதுபோல இங்கே படைப்பிரிவின் பெயரைப் பெற்றன: காலாட்படைக்கு இன்ஃபன்ட்ரி ரோடு, குதிரைப்படைக்கு கேவல்ரி ரோடு, படை அணிக்கு பிரிகேட் ரோடு, அணிவகுப்புத் திடலுக்கு சவுத் பரேடு. சவுத் பரேடு எம்.ஜி. ரோடானது, கேவல்ரி ரோடு காமராஜ் ரோடானது. 1896இல் குதிரைப்படை அதிகாரியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதாக பெங்களூரு கிளப்பின் ஏடு காட்டுகிறது. ஆங்கிலேய விருந்தினர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வெள்ளைக்காரப் படையோடு வந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். சென்னை மாகாணத்துப் படைதான் இங்கே தங்கியது. அதன் சிப்பாய்கள், அவர்களுக்குத் துணி தைத்தவர்கள், சமைத்தவர்கள், கட்டடம் கட்டியவர்கள், சரக்குக் கொடுத்த முதலியார்கள், பிள்ளைமார்கள் எல்லோரும் உடன் வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுக்கு ரயில் வந்ததும் வரவு பெருகியது. கமர்ஷியல் தெருவை ஒட்டிய சந்துகளில் நாராயண பிள்ளை தெரு, வீரபிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று பெயர்ப்பலகைகள் தொடர்கின்றன. பேட்டையில் ‘குடி’ என்றும் ‘தேவஸ்தானம்’ என்றும் வழங்குவது இங்கே ‘கோயில்’ ஆகிவிடுகிறது. பேட்டையில் தர்மராயர், தண்டில் தர்மராஜா: தமிழ்நாட்டிலிருந்து ஒரே பாரதக்கதை, வேறு வேறு நூற்றாண்டுகளில், ஒரே நகரத்துக்கு இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான நடைத்திட்டங்கள் இதைத் தவறவிடுகின்றன.

சிவாஜி நகரில் ரஸல் மார்க்கெட்டுக்கு எதிரே மரியன்னை பேராலயம். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகப் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா கட்டிய சிறு கோயிலில் தொடங்கியது அது. கூரான கோபுரத்தோடு இப்போதுள்ள கட்டடம் 1882இல் முடிந்தது. செப்டம்பர் 8 தேர்த்திருவிழாவுக்குக் காவியுடுத்தி வரும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. பக்கத்திலேயே மசூதிகள், இறைச்சிக் கடைகள், பழைய உதிரிப்பாகக் கடைகள்.

இங்கிருந்து கிழக்கே ஹலசூரு. தண்டு தோன்றுமுன்பே இருந்த கிராமம். சோமேசுவரர் கோயில் அதன் நடுவே இருக்கிறது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. பதினெட்டு ஆண்டு துணி சுற்றிக் கிடந்த அந்தச் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

கால் வலிக்காதவர்களை இன்னும் சற்றுத் தெற்கே தொம்மலூருக்குக் கூட்டிப்போகலாம். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் பெயரைக் கேட்டால் சிவன் கோயில் என்று தோன்றும். உள்ளே இருப்பவர் சொக்கப்பெருமாள். 13ஆம் நூற்றாண்டில், போசளர் ஆட்சியில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. தேசி என்பது ஊர்விட்டு ஊர் போய் வணிகம் செய்த குழுவினருக்கும், பட்டணம் என்பது வணிகர் தங்கிய ஊருக்கும் உரிய சொற்கள். கெம்பே கவுடர் ஏர் பூட்டுவதற்குச் சுமார் 250 ஆண்டு முன்பு எழுதிய கல் அது.